டைம்டேட்சிடிஎல் போதுமா, க்ரோனிசி வேணுமா?

லினக்ஸ்ல கடிகாரம் நெட்வொர்க்கோட சிங்க் ஆகியிருக்கான்னு பாக்க டைம்டேட்சிடிஎல் (timedatectl)னு கமாண்ட் அடிச்சா 'சிஸ்டம் க்ளாக் சிங்க்ரனைஸ்டு: எஸ்'னு ஒரே வரில சொல்லிடும், லேப்டாப்புக்கு இது தாராளம். ஆனா அந்த 'எஸ்' கெர்னல் (லினக்ஸோட மையப் பகுதி) வெச்சிருக்கிற ஒரு ஃப்ளாக், அதாவது ஆமா-இல்ல குறி தாங்க, நெட் கட்டானாலும் உடனே 'நோ' ஆகாது, மணிக்கணக்கா 'எஸ்'னே நிக்கும், இத நிறைய பேர் கவனிக்கிறதே இல்ல.

க்ரோனிங்கிறது நேரத்த சிங்க் பண்ற ப்ரோக்ராம், அதுகிட்ட நிலவரம் கேக்கிற கமாண்ட் தான் க்ரோனிசி (chronyc). க்ரோனிசி ட்ராக்கிங்னு அடிச்சா அப்படி இல்ல, நேரம் எவ்ளோ முன்ன பின்ன இருக்குன்னு செகண்டுல 9 தசமம் வரைக்கும் காட்டும். கூடவே க்ரோனிசி சோர்சஸ் அடிச்சுப் பாருங்க, எந்த சர்வர் வரியில நட்சத்திரக் குறி இருக்கோ அதத்தான் இப்ப ஃபாலோ பண்ணுது, ரீச்னு இருக்கிற இடத்துல 377 இருந்தா கடைசி 8 தடவ கேட்டதுக்கும் பதில் வந்திருக்குன்னு அர்த்தம், 0 னா ஒண்ணுமே வரல, மொதல்ல ஃபயர்வால்ல நேரம் கேக்கிறதுக்கான யுடிபி 123 போர்ட் அடைச்சிருக்கான்னு பாருங்க. ஒரே தொல்லை, க்ரோனி டீமன் (பின்னணியில ஓடுற ப்ரோக்ராம்) ஓடினாத்தான் இது வேலை செய்யும்.

சர்வர்னா என் ஓட்டு க்ரோனிக்குத்தான். கெர்பராஸ்ல (நெட்வொர்க்ல லாகின சரிபாக்கிற முறை) டிஃபால்ட்டா நேரம் 5 நிமிஷத்துக்கு மேல தள்ளிப்போனாலே லாகின் ஃபெயில் ஆகும், அப்ப எத்தன செகண்ட் தள்ளியிருக்குங்கிற நம்பர்தான் கைகுடுக்கும்.