சேலத்துக் கோடையும் ஊர்வன முட்டை இன்குபேட்டரும்: நீண்ட காலப் பயன்பாட்டு அனுபவம்

சேலத்தில் ஊர்வன முட்டைகளைப் பொரிக்க வைக்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது, எந்த இன்குபேட்டர் சீராகச் சூடேற்றும் என்பதைத்தான். பியர்டெட் டிராகன் என்ற ஆஸ்திரேலியப் பல்லியின் முட்டைகளைப் பல கோடைகளாக வைத்துப் பார்த்த பிறகு, இந்த ஊரில் சூடு கூடாமல் காப்பதுதான் பெரிய வேலை என்று உறுதியாகச் சொல்வேன். இம்முட்டைகளுக்கு வேண்டியது 28 முதல் 30 டிகிரி செல்சியஸ். மே மாதத்தில் இங்கே பகல் வெப்பம் 38, 40 டிகிரியைத் தொடுகிறது. மொட்டை மாடிக்குக் கீழுள்ள அறையில் நள்ளிரவிலும் அனல் தணிவதில்லை. அறையின் சூடு நாம் வைத்த அளவைத் தாண்டிவிட்டால், வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டால் ஹீட்டரை அணைக்க முடியுமே தவிர, பெட்டியைக் குளிர்விக்க முடியாது.

நான் பயன்படுத்துவது கோழி முட்டைக்காக நாமக்கல்லில் விற்கப்படும் சாதாரணப் பெட்டி. அதை 37.5 டிகிரியிலிருந்து 29-க்கு மாற்றியதோடு, முட்டை திருப்பும் மோட்டாரையும் கழற்றிவிட்டேன். கோழி முட்டையைத் திருப்பாவிட்டால் கரு கெடும். ஊர்வன முட்டையிலோ இட்ட ஓரிரு நாளிலேயே கரு மேற்புறச் சவ்வைப் பற்றிக்கொள்வதால், அதன் பின் புரட்டினால் இறந்துவிடக்கூடும். ஆகவே மணலிலிருந்து எடுக்கும்போதே ஒவ்வொரு முட்டையின் உச்சியிலும் பென்சிலால் மெல்லப் புள்ளி வைத்து, அந்தப் புள்ளி மேலே இருக்கும்படி, ஈரத்தைப் பிடித்து வைக்கும் கனிமத் துகளான வெர்மிகுலைட்டில் பாதியளவு புதைக்கிறேன். வெர்மிகுலைட்டும் தண்ணீரும் எடைக்கு எடை சமம்; அள்ளிப் பிழிந்தால் ஓரிரு துளிக்கு மேல் வடியக் கூடாது. தோல் போன்ற ஓடு ஈரத்தை உறிஞ்சி முட்டை நாளடைவில் பருக்கும். நடுவில் குழி விழுந்தால் ஈரம் போதவில்லை என்று பொருள். பொரியும் நாள் நெருங்கும்போது விழும் குழியோ இயல்பானது. ஃபேன் காற்று நேரடியாகப் பட்டால் விரைவில் உலர்ந்துவிடும் என்பதால், மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாக்களிலேயே முட்டைகளை வைக்கிறேன்.

பெட்டி இருப்பது தரைத்தளத்தில், வடக்குப் பார்த்த சிறிய அறையில். கோடையில் அங்கே ஏசியை 26-இல் வைத்தால்தான் ஹீட்டருக்கு வேலை இருக்கிறது, அளவும் நிலையாக நிற்கிறது. மின்சாரம் போனால் இன்வெர்ட்டர் பெட்டியை மட்டுமே தாங்கும் என்பதால், உள்ளே தண்ணீர் நிரப்பிய பாட்டில்களை அடுக்கியிருக்கிறேன். அவை வெப்பம் சட்டென்று ஏறி இறங்குவதைத் தடுக்கின்றன. இந்த இனத்தில் 32 டிகிரிக்கு மேல் போனால், மரபணுப்படி ஆணாக வேண்டிய குஞ்சுகள் பெண்ணாக வளரக்கூடும். ஆஸ்திரேலியக் காட்டிலேயே இது நடப்பதை 2015-இல் வெளியான ஆய்வு காட்டியது. எனவே இரண்டு டிகிரி வேறுபாட்டை நான் சிறியதாக எண்ணுவதில்லை.

பராமரிப்பில் சென்சாரைச் சரிபார்ப்பதே முதன்மையானது. இதற்குக் காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் உதவாது. பெரும்பாலானவை 32 டிகிரிக்குக் கீழே காட்டுவதில்லை. தனி டிஜிட்டல் வெப்பமானியை முட்டைகளின் மட்டத்திலேயே வைத்து ஒப்பிட வேண்டும். அடுத்த தொல்லை எறும்பு. மேசையின் நான்கு கால்களையும் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்தியிருக்கிறேன். பொரிகிற வாரத்தில், ஓடு கிழிந்து குஞ்சின் மூக்கு மட்டும் வெளியே தெரியும் அந்த நேரத்தில், ஓர் எறும்பு வரிசைகூட நெருங்கக் கூடாது. ஒவ்வொரு பருவம் முடிந்ததும் பழைய வெர்மிகுலைட்டை எறிந்துவிட்டு, பெட்டியைக் கழுவி வெயிலில் காயவைக்கிறேன்.

நட்சத்திர ஆமை, உடும்பு போன்ற நம் நாட்டு ஊர்வனவற்றுக்கு இவை எதுவும் பொருந்தாது. அவற்றின் முட்டைகளை எடுப்பதே 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். தோட்டத்தில் கண்டால் தொடாமல் வனத்துறைக்குச் சொல்ல வேண்டும்.

ஏற்காட்டில் இருப்பவர்களுக்கு நிலைமை நேர்மாறு. சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் ஏசி தேவைப்படாது. பனிக்கால இரவுகளில் ஹீட்டர் ஓயாமல் ஓடும். அங்கே தெர்மாகோல் தடிமனான பெட்டிக்கும் பெரிய பேட்டரிக்கும் பணத்தைச் செலவிடுவதே சரி.