ஆன்கி ஆப்: உற்சாகம் பொங்கும் நாளில் திறக்காதீர்கள்

குரூப் 4-க்குப் படிக்கிறவர்கள் எந்த ஆப் நல்லது என்று கேட்டால் நான் சொல்வது ஆன்கி, கேள்வி-பதில் கார்டுகளை மறக்காதபடி திரும்பத் திரும்பக் காட்டும் ஆப். ஆனால் திறந்து பார்த்ததும் பாதிப் பேர் மூடிவிடுவார்கள், ஏனென்றால் பார்க்க வறட்சியாக இருக்கும், கைதட்டல் கிடையாது, பதக்கம் கிடையாது, "உன்னால் முடியும்" என்று தட்டிக்கொடுக்கும் வசனமும் கிடையாது. இன்றைக்குப் பார்க்க வேண்டிய கார்டு இத்தனை என்று ஒரு எண், அவ்வளவுதான்.

வேலை செய்யும் விதம் எளிது. முன்பக்கம் கேள்வி, பின்பக்கம் பதில், இரண்டையும் நாமே எழுதிக்கொள்ளலாம். "பட்டினப்பாலையைப் பாடியவர் யார்?" என்று வரும், கடியலூர் உருத்திரங்கண்ணனார் என்று மனதுக்குள் சொல்லிவிட்டுத் திருப்பிப் பார்த்து, தெரிந்ததா தெரியவில்லையா என்று பொத்தானை அழுத்த வேண்டும். தெரிந்தால் அந்தக் கார்டு நாளைக்கு, அப்புறம் சில நாள் கழித்து, பிறகு சில வாரம், சில மாதம் என்று தள்ளிப் போய்க்கொண்டே இருக்கும். தெரியாவிட்டால் சீக்கிரமே திரும்பி வரும். பொருளற்ற அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு வேகமாக மறக்கிறோம் என்று அளந்து பார்த்து, 1885-இல் ஜெர்மன் உளவியலாளர் எபிங்ஹாஸ் வெளியிட்ட ஆய்வின் வழியில் வந்த யோசனைதான் இது.

இங்கேதான் விஷயமே இருக்கிறது. ராத்திரி ஒரு மோட்டிவேஷன் வீடியோ பார்த்துவிட்டு ரத்தம் கொதிக்க உட்கார்ந்து ஒரே மூச்சில் 150 புதுக் கார்டு படித்தால் மற்ற ஆப்களில் பாராட்டு மழைதான், ஆன்கியிலோ அது கந்துவட்டிக் கடன். அந்த 150-ம் மறுநாளே கும்பலாக வந்து நிற்கும், பிறகு சில நாள் கழித்து இன்னொரு முறை, அதற்குள் கொதிப்பு அடங்கியிருக்கும், நாலு நாள் திறக்காமல் விட்டால் குவிந்து கிடக்கும் எண்ணைப் பார்த்தே ஆப்பைத் தூக்கிவிடுவார்கள். ஆப் மோசம் என்று ரேட்டிங்கில் திட்டுகிறவர்களில் பலர் இந்த ரகம் என்பது என் சந்தேகம்.

ஆப் தானாக வைத்திருக்கும் அளவு நாளைக்கு 20 புதுக் கார்டு. வேலைக்குப் போய்க்கொண்டே படிக்கிறவர்களுக்கு அதுவே அதிகம், சில வாரத்தில் பழைய கார்டுகளே தினமும் 150, 200 என்று ஏறிவிடும். டெக் (கார்டுக் கட்டு) ஆப்ஷன்ஸில் போய் 8 அல்லது 10 என்று குறைத்து வையுங்கள். ஊரில் கல்யாணம், காய்ச்சல், ஆபீஸில் மாதக் கடைசி என்றால் புதுசை 0 ஆக்கிவிட்டுப் பழையதை மட்டும் பஸ்ஸில் நின்றபடியே முடித்துவிடலாம். சோம்பலாக இருக்கும் அந்த நாளுக்குத் தாங்கும் அளவுதான் உங்களுக்குச் சரியான அளவு, உற்சாகமான நாளில் எவ்வளவு முடிகிறது என்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

குரூப் 4-இல் மொத்தம் 200 கேள்வி, அதில் தமிழ் 100, பொது அறிவு 75, திறனறிவு 25. முதல் இரண்டில் நூல்-ஆசிரியர், ஆண்டு, சட்டப்பிரிவு மாதிரியான கேள்விகளுக்கு இதை அடிக்க ஆளில்லை. திறனறிவுக்கு இது உதவாது, கணக்கைப் போட்டுத்தான் பழக வேண்டும். யாரோ செய்த ரெடிமேட் டெக்கை இறக்குவதைவிட சமச்சீர் புத்தகத்தைப் படித்து நீங்களே கார்டு எழுதுவது நல்லது, எழுதும்போதே பாதி ஏறிவிடும். அமைப்புகளில் எஃப்எஸ்ஆர்எஸ் என்று ஒன்று இருக்கும், அதையும் ஆன் செய்யுங்கள், இடைவெளியை உங்கள் மறதிக்கு ஏற்பக் கணக்கிடும்.

விலை: கம்ப்யூட்டரிலும் ஆண்ட்ராய்டிலும் இலவசம், ஆண்ட்ராய்டில் ஆன்கிட்ராய்டு என்று தேடுங்கள். ஐபோனில் மட்டும் காசு, அதுவும் 25 டாலர் பக்கம். அவ்வளவு கொடுக்க மனசில்லை என்றால் ஆன்கிவெப் தளத்தை பிரவுசரில் திறந்தே ஓட்டலாம், கொஞ்சம் மெதுவாக இருக்கும், இன்டர்நெட்டும் வேண்டும்.