ஆற்றங்கரை ஊரின் பழைய படம்: பென்சில் கோட்டோவியமா, அச்சுப்படமா?

19ஆம் நூற்றாண்டு ஆற்றங்கரைக் குடியிருப்பு எப்படி இருந்தது என்று தேடுபவர்களுக்கு இந்தக் குழப்பம் வரும். ஓவியர் கரையில் உட்கார்ந்து வரைந்த தாளை நம்புவதா, அதைப் பார்த்துச் செதுக்கி அச்சடித்த படத்தையா?

இட அமைப்பு
கோட்டோவியம்: பெரும்பாலும் கண்டது கண்டபடி. 1806இல் ஆங்கிலேய விஞ்ஞானி வொல்லஸ்டன் காப்புரிமை பெற்ற கேமரா லூசிடாவை (எதிரே உள்ள காட்சி தாளின்மேல் விழுவதுபோல் காட்டும் கருவி) வைத்து வரைந்திருந்தால் கூரைகளின் விகிதம்கூடச் சரியாக இருக்கும்.
அச்சுப்படம்: தகட்டில் உள்ளது தாளில் இடவலம் மாறி விழும். செதுக்குபவர் முன்கூட்டியே திருப்பி வரையாவிட்டால் இடக்கரை ஆலை வலக்கரைக்குப் போய்விடும். அதனால் நான் முதலில் பார்ப்பது ஆற்றின் வளைவைத்தான். பழைய நிலவரைபடத்தை அருகில் வைத்து, நீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

ஆட்கள், படகுகள்
கோட்டோவியம்: இரண்டு மூன்று கீறல்கள், அவ்வளவுதான்.
அச்சுப்படம்: நிறைய இருக்கும், ஆனால் அழகுக்காகச் சேர்த்தவையும் உண்டு. படகு தெரிகிறது என்பதற்காக அங்கே துறை இருந்தது என்று எழுதிவிடாதீர்கள்.

காலம்
கோட்டோவியம்: தேதி இல்லையென்றால் தாளை வெளிச்சத்தில் பிடியுங்கள். வாட்மன் என்ற ஆங்கிலேயத் தயாரிப்பாளரின் தாள்கள் பலவற்றில் நீர்க்குறியோடு (வெளிச்சத்தில் பிடித்தால் தெரியும், தாளிலேயே பதிந்த குறி) ஆண்டும் இருக்கும். படம் அதற்கு முந்தியதாக இருக்க முடியாது.
அச்சுப்படம்: வெளியான ஆண்டு தெரியலாம். மூல ஓவியம் அதற்குப் பல ஆண்டுகள் முந்தியதாக இருக்கலாம்.

கட்டடம் நின்ற இடத்தைக் குறிக்க வேண்டுமா? கோட்டோவியத்தைத் தேடுங்கள். அந்த ஊரை அக்கால வாசகர்களுக்கு எப்படிக் காட்டினார்கள் என்று அறிய அச்சுப்படமே போதும். பல பிரதிகள் இருப்பதால் கிடைப்பதும் எளிது.