கேட்டரிங் ஆர்டர் நோட்டுக்கு கிரிஸ்ட் சரிப்பட்டு வருகிறதா?

பெங்களூரு அல்சூரில் நடக்கும் எங்கள் கேட்டரிங் யூனிட்டின் ஆர்டர் நோட்டு இப்போது கிரிஸ்டில்தான், அதாவது எக்செல் ஷீட் மாதிரி தெரியும் ஓப்பன் சோர்ஸ் டேட்டாபேஸ் ஒன்றில். மாஸ்டர், மார்க்கெட் போகும் தம்பி, கணக்கு பார்க்கும் அக்கா எல்லாரும் அதையே திறப்பதால் யார் எதைப் பார்க்கலாம் என்பதுதான் என் முதல் கேள்வி. மாஸ்டருக்கு மெனுவும் இலைக் கணக்கும் போதும், பார்ட்டி கொடுத்த அட்வான்ஸ் அவருக்கு எதற்கு?

இதே வேலைக்கு ஓப்பன் சோர்ஸில் பேஸ்ரோவும் உண்டு, பார்க்க அழகு, புதிதாக வருபவரும் தடுமாற மாட்டார், ஆனால் ஆளுக்கொரு ரோல் பிரித்துக் கொடுப்பது காசு கட்டும் பிளானில்தான், வேலைகளை நிலைவாரியாக அட்டைகளாகக் காட்டும் கான்பன் வியூவும் அப்படியே. ஏற்கெனவே மைஎஸ்கியூஎல், போஸ்ட்கிரெஸ் மாதிரி டேட்டாபேஸ் வைத்திருந்தால் நோகோடிபி பாருங்கள், அந்த டேபிள்களையே ஷீட் மாதிரி காட்டிவிடும். எங்களிடம் இருந்தது வெறும் எக்செல்.

கிரிஸ்டின் இலவசப் பதிப்பிலேயே வரிசை, காலம் (column) வரைக்கும் யார் பார்க்கலாம் என்று ரூல் போடலாம். அட்வான்ஸ் காலத்தை ஓனர் மட்டும் பார்க்கலாம் என்று ஒரு ரூல், அவ்வளவுதான். கவனம், மொத்தத்தையும் பாக்கியையும் திறந்து விட்டால் கழித்துப் பார்த்தே அட்வான்ஸைச் சொல்லிவிடுவார்கள், அவற்றையும் சேர்த்து மூடுங்கள். இடது பக்கம் ஒரு ஆர்டரைத் தொட்டால் வலது பக்கம் அதன் சாமான் லிஸ்ட் மட்டும் வருகிற மாதிரி இணைக்கலாம், தம்பிக்கு இதுதான் ரொம்பப் பிடித்தது. ஃபார்முலா எல்லாம் பைத்தான் மொழியில். காலத்தின் தலைப்பை 'இலை' என்று தமிழிலேயே வைக்கலாம், ஃபார்முலாவில் கூப்பிடும் ஐடி மட்டும் ஆங்கில எழுத்தில் இருக்க வேண்டும். ஒவ்வொரு டாக்குமெண்டும் ஒரே எஸ்கியூலைட் டேட்டாபேஸ் ஃபைல், அதனால் பேக்கப் சுலபம்.

தலைவலி லாகினில். சர்வரில் சாஃப்ட்வேரைப் பொட்டலமாக ஓட்டும் டாக்கரில் ஏற்றுவது சின்ன வேலைதான், ஆனால் சொந்த சர்வரில் ஆளை அடையாளம் காண ஓஐடிசி மாதிரி லாகின் முறை ஒன்றை நாமே இணைக்க வேண்டும், அது இல்லாமல் மேலே சொன்ன ரூல் எதற்கும் அர்த்தமில்லை. சர்வர் பழக்கமுள்ள ஆள் கைவசம் இல்லையா, கிரிஸ்ட் கம்பெனியே தன் சர்வரில் நடத்தும் ஹோஸ்டட் சர்வீஸின் இலவச பிளானுக்குப் போய்விடுங்கள், ஒரு டாக்குமெண்டுக்கு 5,000 வரிசை கிடைக்கும், எங்களை மாதிரி யூனிட்டுக்கு ஒரு முகூர்த்த சீசனே அதில் அடங்கிவிடும்.