நொய்யா, அவலா? காலை ஓட்ஸில் எதை வாங்குவது

நாலு பெயரில் விற்றாலும் பாக்கெட்டுக்குள் இருப்பது ஒரே தானியம்தான். உமி நீக்கிய மணியை இரண்டு மூன்றாக வெட்டினால் ஸ்டீல் கட். பார்க்க அரிசி நொய் மாதிரியே இருக்கும். முழு மணியை ஆவியில் வேகவைத்து உருளையில் நசுக்கினால் ரோல்டு. இது கெட்டி அவல். வெட்டிய துண்டை இன்னும் மெல்லிசாக நசுக்கியது குவிக், அதாவது பேப்பர் அவல். இன்ஸ்டன்ட் முன்பே வெந்து காய்ந்தது. வெந்நீர் ஊற்றினால் போதும்.

சர்க்கரை உள்ளவர்களுக்கு இந்த வித்தியாசம் பெரிது. சாப்பிட்டது ரத்தச் சர்க்கரையை எவ்வளவு வேகமாக ஏற்றுகிறது என்று காட்டும் கிளைசெமிக் குறியீடு ஸ்டீல் கட்டுக்கும் ரோல்டுக்கும் 55-ஐ ஒட்டியே நிற்கும். குவிக் 70-ஐத் தொடும், இன்ஸ்டன்ட் 75 வாக்கில் போகும். மாவுச்சத்து எவ்வளவு சிதைந்திருக்கிறதோ அவ்வளவு சீக்கிரம் ரத்தத்தில் சேரும். ரத்தக் கொழுப்பைக் குறைக்கும் பீட்டா குளூக்கன் நார் நாலிலும் உண்டு. அதற்குத் தினமும் 3 கிராம் வேண்டும். 40 கிராம் ஓட்ஸில் கிடைப்பது 1.5 முதல் 2 கிராம்தான்.

ஸ்டீல் கட்டின் ஒரே தொல்லை நேரம். கால் கப்புக்கு ஒரு கப் தண்ணீர், அடுப்பில் 25 நிமிடம். குக்கரில் நேரடியாகப் போட்டால் நுரை பொங்கி விசிலை அடைக்கும். உள்பாத்திரத்தில், பாதிக்கு மேல் நிரப்பாமல், சொட்டு நெய் விட்டு நாலு விசில் வையுங்கள். இரவே ஊறப்போட்டால் அடுப்பிலேயே பத்து நிமிடத்தில் வெந்துவிடும்.

உப்புமாவுக்கு ரோல்டுதான், வேறெதுவும் சரிவராது. ஒரு கப் ஓட்ஸை மிதமான தீயில் நாலு நிமிடம் வெறும் வாணலியில் வாசனை வரும்வரை வறுங்கள். தாளித்துக் கொதிக்கும் தண்ணீர் முக்கால் கப், அதற்கு மேல் வேண்டாம். ஓட்ஸைக் கொட்டி, மூடி, சிறுதீயில் மூன்று நிமிடம். இறக்கி ஐந்து நிமிடம் விட்ட பிறகே கிளறுங்கள். சுடச்சுடக் கிளறினால் களியாகிவிடும். வறுக்காமல் போட்டாலும் அதே கதிதான். குவிக்கை தோசை மாவில் அரைத்துச் சேர்க்கலாம், கஞ்சி காய்ச்சலாம். உப்புமாவில் அது கூழ்.

கஞ்சி எதில் வைத்தாலும் முதலில் தண்ணீரில் வேகட்டும், பால் கடைசியில். பாலிலேயே வேகவைத்தால் அடிப்பிடிக்கும். வெல்லம் சேர்ப்பதானால் இறக்கி, சூடு தணிந்த பிறகு. கொதிக்கும் பாலில் போட்டால் திரிந்துவிடும்.

மசாலா ஓட்ஸ் பாக்கெட்டை, அதிலுள்ள உப்புக்காக, நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். உப்பில் இருக்கும் சோடியம் ஒரு நாளைக்கு 2000 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். லேபிளில் சோடியம் வரியைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். ரத்த அழுத்தம் இருப்பவர்கள் தொடவே வேண்டாம்.

வாங்கும்போது பெயரை நம்பாதீர்கள், சமைக்கும் நேரத்தைப் படியுங்கள். மூன்று நிமிடம் என்றிருந்தால் அது குவிக். உள்ளங்கையில் கொட்டிப் பார்த்தால் ரோல்டு முழு நீள்வட்ட இதழாக, நடுவில் கோட்டோடு இருக்கும். குவிக் உடைசலும் தூளுமாக இருக்கும். ஓட்ஸில் அரிசியைவிட எண்ணெய்ச் சத்து அதிகம், வெயில் காலத்தில் சிக்கு வாடை வந்துவிடும். அரைக் கிலோவாக வாங்கி, காற்றுப் புகாத டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜில் வையுங்கள்.