இறக்கத்துக்கு ஒரு பட்டன்: மூன்று வருட அனுபவம்

போன வாரம் முன் சக்கர பிரேக் பேட் மாற்றினேன். அன்று சாயங்காலமே கிருஷ்ணகிரி நண்பர் போன் செய்தார். "ஹில் டிசென்ட் கன்ட்ரோல் வர்ற மாடலையே எடுத்துடட்டுமா? வாரம் ரெண்டு தடவை சேலம் போகணும், தொப்பூர் கணவாய் இறங்கணும்." என் வண்டியில் இருக்கிற பட்டன்தான் அது: அமுக்கினால், இறக்கத்தில் வண்டியே பிரேக்கைப் பிடித்துப் பிடித்து மெதுவாக இறக்கும்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். வத்தல்மலையில் தெரிந்தவரின் காப்பித் தோட்டத்துக்கு ஒரு மண் பாதை. ஐப்பசி மழையில் சோப்பு மாதிரி வழுக்கும். செங்குத்தாக இறங்கும்போது பாரமெல்லாம் முன்னால் சாய்ந்து பின் சக்கரம் லேசாகிவிடும். பயத்தில் பிரேக்கை மிதித்தால் வண்டியின் பின்பக்கம் ஒதுங்கும். பட்டனை அமுக்கி, முதல் கியரில் போட்டு, இரண்டு காலையும் எடுத்துவிட்டேன். காலுக்கடியில் கர்ர், கர்ர் என்று ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பிரேக் பிடிக்கும் அமைப்பு) பம்ப் சத்தம். வழுக்குகிற சக்கரத்துக்குப் பிடியைத் தளர்த்தி, மற்றதை இறுக்கி, நடக்கிற வேகத்தில் இறக்கிவிட்டது. பின் சீட்டில் கைப்பிடியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்த அம்மா, பாதி வழியில் வெற்றிலைப் பையைத் திறந்துவிட்டார்.

1997-இல் லேண்ட் ரோவர் ஃப்ரீலேண்டரில் இது முதலில் வந்ததே, லோ ரேஞ்ச் கியர் (வண்டியை மெதுவாக ஊரவைக்கும் கூடுதல் கியர்) இல்லாத குறையை ஈடுகட்டத்தான். ஊர்ந்து இறங்கும் இடத்துக்கான ஏற்பாடு இது.

என் கோபம் ஒன்றே ஒன்று. என் வண்டியில் 35 கி.மீ. வேகத்தைத் தாண்டினால் பிடியை விட்டுவிடும். ஒரு பீப் சத்தம்கூடக் கிடையாது. மீட்டர் மூலையில் மிளகளவு பச்சை விளக்கு மினுக்கும், அவ்வளவுதான். வளைவில் ரோட்டைப் பார்ப்பதா, அதைப் பார்ப்பதா? பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல் இறங்கும்போது, பிடித்துக்கொண்டுதான் இருக்கிறது என்ற நினைப்பில் பிரேக்கில் கால் வைக்காமல் இருந்தேன். வண்டி வேகமெடுத்த அந்த இரண்டு நொடி இன்னும் வயிற்றைப் பிசைகிறது. சர்வீஸில் கேட்டால், "டிசைனே அப்படித்தான் சார்."

அப்புறம் பேட். மெக்கானிக் பழையதைக் கையில் கொடுத்தார். சூட்டில் கண்ணாடி மாதிரி பளபளத்துக் கிடந்தது. "இது பிரேக்கைத்தான் தின்னும் அண்ணா. ஏறுற கியர்லயே இறங்குங்க." தொப்பூரில் நியூட்ரலில் உருட்டி, பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போன லாரிகளைப் பார்த்து வளர்ந்த எனக்கு இதை இன்னொருவர் சொல்ல வேண்டியிருந்தது. அந்த ரோட்டு வேகத்தில் இந்தப் பட்டன் எட்டிக்கூடப் பார்க்காது. மூன்றாவது கியரில் இன்ஜின் இழுத்துப் பிடிக்கிற பிடிதான் காப்பாற்றும்.

நண்பரிடம் இந்தப் பட்டன் இல்லாத கீழ் வேரியன்ட்டையே எடுக்கச் சொல்லிவிட்டேன். மிச்சப் பணத்தில் நல்ல டயராக நாலு போடட்டும்.