பூனை, கிளி, ஆமை: யார் யாரை வழியனுப்புவது?

"வீட்டுல ஏதாவது வளர்க்கலாம்னு இருக்கேன், எது நல்லது?" என்று யாராவது கேட்டால் நான் திருப்பிக் கேட்பது, "உங்களுக்கு என்ன வயசு?" என்றுதான். சிலருக்கு முகம் சுருங்கிவிடும். எங்கள் அடுக்ககத்தில் போன வருடம் பணி ஓய்வு பெற்ற ஒருவர், "ஏம்மா, இதுக்குக்கூட வயசு வரம்பு உண்டா?" என்று சிரித்தார். பூனை என்றால் இல்லை. ஆனால் அவர் செல்போனில் காட்டியது ஆப்பிரிக்கன் கிரே கிளியின் படம். அதற்கு உண்டு.

என் வீட்டில் பதினேழு வருடம் ஒரு பூனை இருந்தது. இப்போது ஓர் ஆமை இருக்கிறது. நான் வாங்கியதல்ல, வந்து சேர்ந்தது. மாடி வீட்டு மாமாவிடம் ஒரு கிளி. இவற்றை அழகு, செலவு, நாற்றம் என்று ஒப்பிட்டுச் சொல்ல நிறைய பேர் இருக்கிறார்கள். நான் ஒப்பிடுவது ஒன்றைத்தான்: முடிவு எப்படி வரும், வரும்போது யார் பக்கத்தில் இருப்பார்கள்.

முதலில் கணக்கு. கிரேட் டேன் மாதிரி பெரிய உடம்பு நாய் எட்டுப் பத்து வருடம். சின்ன இனங்கள் 12 முதல் 15 வரை. வீட்டுக்குள்ளேயே வளரும் பூனை 15, 18 என்று போகும். அமெரிக்காவின் டெக்சாஸில் கிரீம் பஃப் என்ற பூனை 38 வருடம் இருந்து 2005-ல் இறந்ததாகச் சாதனைப் பதிவு. காக்டெயில் பறவை நன்றாகப் பார்த்துக்கொண்டால் 15, 20. ஆப்பிரிக்கன் கிரே 40-ஐ எளிதாகத் தாண்டும். மீன் கடைகளில் விற்கிற, காதோரம் சிவப்புக் கோடு போட்ட ஆமை 20 முதல் 30, சில சமயம் அதற்கும் மேல். நாயைப் பற்றி எழுத ஊரில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள், அதை விட்டுவிடுகிறேன்.

பூனை

சுண்டு 2005-ல் ஒரு மழை நாளில் தண்ணீர்த் தொட்டி மூடிக்குப் பக்கத்தில் நனைந்துகொண்டு கத்தினான். பூனையை 'அது' என்று எழுதுவதுதான் முறை. எனக்குக் கை வரவில்லை.

பதினான்கு வருடம் வைத்தியச் செலவே கிடையாது. 2019 கோடையில் குளியலறைக் குழாயடியை விட்டு நகராமல் தண்ணீர் குடிக்க ஆரம்பித்தான். வெயில் என்று நினைத்தோம். தடவிக் கொடுக்கும்போது முதுகெலும்பு ஒவ்வொரு கணுவாகக் கையில் தட்டுப்பட்ட பிறகுதான் தூக்கிக்கொண்டு ஓடினோம். முதலில் போன கிளினிக்கில், "வயசாயிடுச்சும்மா, அவ்ளோதான்" என்று சத்து மருந்து எழுதிக் கொடுத்தார்கள். இரண்டு வாரம் வீணானது. அடுத்துப் பார்த்த டாக்டர் ரத்தம் எடுத்தார், சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கிரியாட்டினின் என்ற கழிவு ஏறியிருந்தது. வயதான பூனைகளுக்குச் சிறுநீரகம் கெடுவது மிகவும் சகஜம். ரத்தத்தில் அது தெரிய வரும்போது சிறுநீரகத்தின் வேலைத்திறனில் முக்கால்வாசி ஏற்கெனவே போயிருக்கும். பூனை அதுவரை வலியைக் காட்டாது. ஏழு வயதுக்கு மேல் வருடத்துக்கு ஒரு தடவை ரத்தப் பரிசோதனை செய்யுங்கள் என்று நான் எல்லாரிடமும் நச்சரிப்பது இதனால்தான்.

அதற்கப்புறம் மூன்று வருடம். ஜன்னல் கம்பியில் ரிங்கர் லாக்டேட் என்ற உப்புநீர் பாட்டிலைத் தொங்கவிட்டு, பிடரித் தோலைக் கூடாரம் மாதிரி இழுத்துப் பிடித்து, உள்ளே ஊசி குத்தி, 100 மில்லி. முதலில் வாரம் இரண்டு முறை, கடைசியில் தினமும். பாட்டிலை வெந்நீரில் வைத்து உடம்புச் சூட்டுக்குக் கொண்டுவந்தால் துள்ளமாட்டான் என்பது மூன்றாவது மாதம்தான் தெரிந்தது. சரி, இதைச் சொல்லும்போதே இன்னொன்று: வலிக்கிறதே என்று நாம் போடும் பாரசிட்டமாலைப் பூனைக்குக் கொடுத்துவிடாதீர்கள். அரை மாத்திரையே உயிரை எடுக்கலாம்.

கடைசி ஆறு மாதம் தினசரி காலண்டரில் கிழித்த தாளைத் தூக்கிப் போடாமல் பின்பக்கம் எழுதி வைத்தேன். சாப்பிட்டானா, பால்கனிக்கு வந்தானா, தன்னை நக்கிச் சுத்தம் செய்துகொண்டானா: இந்த மூன்றுதான். மூன்றில் இரண்டு இல்லாத நாள் ஒரு வாரத்தில் நான்குக்கு மேல் வந்தால் முடிவெடுப்பது என்று நானும் டாக்டரும் பேசி வைத்திருந்தோம். தாள்களை எண்ணிப் பார்த்தபோது அந்த எல்லையைத் தாண்டி மூன்று வாரம் ஆகியிருந்தது. கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தால் தெரியாது, எண்ணினால்தான் தெரியும்.

கருணைக்கொலை ஊசியா, தானாகப் போகட்டும் என்று விடுவதா? என் அம்மா, "உயிரை எடுக்க நாம யாரு" என்றார். தட்டிப் பேச முடியாத கேள்விதான். ஆனால் 'தூக்கத்திலேயே போயிடும்' என்று நாம் நினைத்துக்கொள்வது சிறுநீரக நோயில் அநேகமாக நடப்பதில்லை. வாய்ப்புண், ஓயாத வாந்தி, மூச்சில் அம்மோனியா நெடி, சில சமயம் வலிப்பு. இயற்கையாகப் போகட்டும் என்கிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான்: மூன்று வருடம் ஊசி குத்தி நீரேற்றி வைத்திருந்ததில் இயற்கை எங்கே இருந்தது?

டாக்டர் வீட்டுக்கே வந்தார். முதலில் மயக்க ஊசி. என் மடியிலேயே தலை சாய்ந்தது. அது நன்றாக ஏறிய பிறகு, நரம்பில் அளவுக்கு மிஞ்சிய மயக்க மருந்து. ஓரிரு நிமிடத்தில் இதயம் நின்றது. கண் மூடாது, அதற்கப்புறமும் ஒரு பெருமூச்சு வரலாம் என்று அவர் முன்னாலேயே சொல்லிவிட்டார். சொல்லாமல் இருந்திருந்தால் அந்த மூச்சைக் கேட்டு நான் உடைந்திருப்பேன். இப்போது திரும்பிப் பார்த்தால் என் வருத்தம் ஊசி போட்டதில் இல்லை, அந்த மூன்று வாரத்தில்.

புதைப்பதா எரிப்பதா என்பதற்கு அடுக்ககத்தில் இருப்பவர்களுக்குப் பெரிய தேர்வு கிடையாது. சென்னையில் செல்லப்பிராணிகளை எரியூட்ட வசதி இருக்கிறது. எங்களுக்குத் திருவள்ளூர் பக்கம் அண்ணன் நிலம் இருந்ததால் புதைத்தோம். ஊசி போட்ட உடம்பு என்றால் குறைந்தது மூன்றடி ஆழம் வேண்டும். மருந்து உடம்பிலேயே தங்கும். நாயோ நரியோ தோண்டித் தின்றால் அதற்கும் ஆபத்து.

கிளி

பச்சைக்கிளி வேண்டாம், அது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். தாத்தா வீட்டில் இருந்ததே என்பதெல்லாம் எடுபடாது. வெளிநாட்டுக் கிளியும் அப்படியே வாங்கி வந்துவிடுகிற சமாசாரமில்லை. அழியும் ஆபத்தில் உள்ள உயிரினங்களின் வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் என்ற சர்வதேச ஒப்பந்தத்தின் பட்டியலில் உள்ளவற்றை வைத்திருப்பவர்கள், 2024-ல் வந்த விதிகளின்படி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். ஆப்பிரிக்கன் கிரே அதன் முதல் பட்டியலில் இருக்கிறது. கைமாறினால் தெரிவிக்க வேண்டும், இறந்தாலும் தெரிவிக்க வேண்டும். பூனை செத்தால் நமக்கு ஒரு காகிதமும் கிடையாது.

மாடி வீட்டு மாமாவுக்கு 76. கிளிக்கு 22, அதாவது நடு வயதுகூட ஆகவில்லை. மாமி மூன்று வருடம் முன்னால் தவறிவிட்டார். கிளி மாமியின் குரலில், "ஏங்க, பால் பொங்குது பாருங்க" என்று தினமும் ஒரு தடவையாவது சொல்லும். மாமா முதல் வருடம் எழுந்து அடுப்படிக்குப் போனார். இப்போது, "நாப்பது வருஷம் எவ்வளவோ நல்லதா பேசியிருக்கா, இது திட்டினதை மட்டும் பிடிச்சு வச்சிருக்கு" என்கிறார். மாமி போன மறுமாதம் கிளி தன் நெஞ்சு இறகைத் தானே பிடுங்க ஆரம்பித்தது. துணை இழந்த கிளிகள் இப்படிச் செய்வதுண்டு. அதற்கு விடைபெறுதல் என்றால் என்ன புரியும் என்று தெரியாது, ஆனால் இல்லாமல் போனது புரிகிறது.

ஹார்வர்டு, பிராண்டைஸ் என்று பல இடங்களில் ஐரீன் பெப்பர்பெர்க் என்ற விஞ்ஞானி ஆராய்ச்சி செய்த அலெக்ஸ் என்ற கிரே கிளி 2007-ல் இறந்தபோது வயது 31. முந்தின நாள் மாலை, வழக்கம்போல, நாளை பார்க்கலாம் என்றுதான் சொல்லியது. காலையில் கூண்டில் கிடந்தது. பறவைகள் பெரும்பாலும் இப்படித்தான், நோயைக் கடைசி வரை மறைத்துவிட்டு ஒரு காலையில் இல்லாமல் போகும். அல்லது நான்ஸ்டிக் தோசைக்கல்லை அடுப்பில் மறந்து காயவிட்டால் அந்தப் புகையில் சில நிமிடத்தில். சட்டென்று போவது நல்ல சாவு என்பார்கள். போகிறவருக்கு இருக்கலாம்.

ஆனால் கிளியில் பெரிய சிக்கல் அது முந்தினால் அல்ல, நாம் முந்தினால். மாமாவின் மகன் பெங்களூரில் இருக்கிறார், வீட்டில் கைக்குழந்தை. "அப்பா, அதைப் பத்தி அப்புறம் பேசலாம்" என்றே மூன்று வருடம் ஓட்டியாயிற்று.

ஆமை

'ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது' என்று என் பாட்டி சொல்வார். இப்போது வாஸ்து என்று சொல்லி அதையே காசு கொடுத்து வாங்குகிறார்கள். என் அண்ணன் மகன் 2009-ல் கொளத்தூரில் கலர் மீன் வாங்கப் போய், ஐந்து ரூபாய் நாணயம் அளவில் ஒன்றைத் தூக்கி வந்தான். "இவ்வளவுதான் வளரும்" என்றாராம் கடைக்காரர். இப்போது ஓடு மட்டும் 25 சென்டிமீட்டர். அமெரிக்காவில் ஓடு நான்கு அங்குலத்துக்குக் குறைந்த ஆமைகளை விற்பதற்கு 1975-லேயே தடை வந்தது, குழந்தைகளுக்கு சால்மோனெல்லா கிருமி பரவியதால். அந்தச் சின்ன அளவில் பார்த்துத்தான் இங்கே எல்லாரும் மயங்குகிறோம்.

அவன் 2017-ல் வேலைக்கு வெளிநாடு போனான், ஆமை என்னிடம் வந்தது. 2020 ஊரடங்கில் தொட்டிக்குள் முட்டை கிடந்தது. பதினோரு வருடம் 'ராஜா' என்று கூப்பிட்டு வளர்த்தது பெண்! ஆண் இல்லாமலும் முட்டையிடும், பொரிக்காது, அவ்வளவுதான்.

கோயில் குளத்தில் விட்டுவிடு என்று சொல்லாத உறவினர் இல்லை. புண்ணியம் என்று வேறு சொல்வார்கள். காதோரம் சிவப்புக் கோடு போட்ட இந்த ஆமை நம் ஊர்க்காரர் அல்ல. விட்ட இடத்தில் நம் நாட்டு ஆமைகளின் உணவையும் வெயில் காயும் இடத்தையும் பிடித்துக்கொள்ளும். கேரளத்தில் 2018-ல் திருச்சூர் பக்கம் நீரோடையில் இது தென்பட்ட பிறகு, பீச்சியில் உள்ள வன ஆராய்ச்சி நிறுவனம் வீடுகளில் இருப்பவற்றைத் தங்களிடம் ஒப்படைக்கச் சொல்லிச் சேகரிக்க வேண்டியிருந்தது.

ஆமை இறந்ததா என்று தெரிந்துகொள்வதே கஷ்டம். மூச்சில்லாமல் வெகுநேரம் தாக்குப்பிடிக்கும் உடம்பு, இதயத் துடிப்பு மெள்ள மெள்ளத்தான் அடங்கும். அதனால் அசையவில்லை என்று நாமே முடிவு கட்டிப் புதைத்துவிடக் கூடாது, டாக்டர் பார்க்க வேண்டும். ஆனால் ஆமை பார்க்கத் தெரிந்த டாக்டரைத் தேடுவது தனிக் கதை.

இப்போது அந்த ஓய்வு பெற்றவரிடம் நான் சொன்னது: ஐம்பதைத் தாண்டியவர் என்றால் பூனை. அதிலும் குட்டி வேண்டாம், ஏழெட்டு வயதுப் பூனை. காலி செய்து போகிறவர்கள் விட்டுவிட்டுப் போகும் பூனைகள் எந்தத் தெருவிலும் உண்டு. கடைசி வருடங்கள் கஷ்டமாக இருக்கும், அந்த முடிவை நீங்களே எடுக்க வேண்டியிருக்கும், ஆனால் எடுக்க நீங்கள் இருப்பீர்கள். முப்பது வயதுக்காரர் கேட்டிருந்தால் கிளியைப் பற்றி வேறு மாதிரி பேசியிருப்பேன். ஆமையை எந்த வயதுக்காரருக்கும் சொல்லமாட்டேன், கையால் தொடுவதைக்கூட விரும்பாத ஒன்றுக்கு முப்பது வருடம் தண்ணீர் மாற்றுவது என்பது எனக்கு இன்னும் புரியாத பாசம். புரியாமலேயே மாற்றிக்கொண்டிருக்கிறேன்.

பீரோவில் எல்ஐசி பாண்டு இருக்கும் கவரில் ஒரு தாள் வைத்திருக்கிறேன். ராஜாவுக்கு என்ன தீனி, எத்தனை நாளைக்கு ஒரு முறை தண்ணீர், யூவி விளக்கை எப்போது மாற்ற வேண்டும், எந்த டாக்டர். அடியில் 'பிறகு யார்' என்ற இடம் ரொம்ப நாள் காலியாக இருந்தது. எதிர் வீட்டுப் பெண்ணுக்கு 19 வயது, காலேஜ் போகிறாள், நான் ஊருக்குப் போனால் அவள்தான் தீனி போடுவாள். அவளிடம் கேட்டேன்.

"இன்னும் எத்தனை வருஷம் ஆன்ட்டி இருக்கும்?"

"பதினஞ்சு இருக்கலாம்."

"அப்போ எனக்கு முப்பத்தி நாலு" என்றாள். தொட்டியைப் பார்த்தாள். ராஜா கல்லின் மேல் பின்னங்காலை நீட்டிக்கொண்டு வெயில் காய்ந்தது. கொஞ்ச நேரம் கழித்து, "சரி, பேனா குடுங்க" என்றாள்.